சீல் உடைக்காத ஏழு டின்கள்

1. இனிமே வராது

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சென்னை சப்ளையர் போன் செய்தார்.

"லோகநாதன் சார், அந்த பைப் புகையிலை கேட்டிருந்தீங்களே, அது இனிமே வராது. கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். என்கிட்ட ஒம்போது டின்னு கீது. வோணும்னா இன்னிக்கே சொல்லு, இல்லாங்காட்டி வேற ஆளு தூக்கினு பூடுவான்."

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரத்தில் இருந்த ஒரு ரிசார்ட்டில் அப்போது நான் ஸ்டோர் இன்சார்ஜ். அரிசி, சோப்பு, பல்பு, ஒயின், பம்ப் வாஷர் என்று எல்லாமே என் கதவு வழியாகத்தான் உள்ளே வரும். யாருக்கு எது வேண்டுமானாலும் இன்டென்ட் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வெளியே போகும். இருபத்தாறு வருடத்தில் சீட்டு இல்லாமல் ஒரு தீப்பெட்டி கூட நான் கொடுத்ததில்லை. பாரில் வேலை பார்ப்பவர்கள் என்னை "பூட்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பார் பக்கத்தில் விருந்தாளிகளுக்காக ஒரு சுருட்டு அலமாரி உண்டு. அதில் பைப் புகையிலையும் இரண்டு மூன்று வகை வைப்போம். நின்றுபோன இந்த வகையை வாங்கியது அநேகமாக ஒரே ஆள்தான். எங்கள் சீஃப் இன்ஜினியர் பாலசுந்தரம் சார். எல்லோரும் அவரை "சீஃப்" என்போம். இளவயதில் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு சிகரெட்டை விட்டுவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு பைப் மட்டும் என்று மனைவியிடம் பேசி அனுமதி வாங்கியிருந்தார். அந்த ஒன்றையும் ரிசார்ட்டுக்குள் பிடிக்க மாட்டார். நாலு மணிக்கு ஏ.சி. சில்லர் பிளான்ட்டைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், லாண்டரிக்குப் பின்னால் இருக்கும் கேட்டைத் திறந்துகொண்டு மணலுக்குப் போவார். மீன் படகுகளுக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் ஜி.எம்.மே கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டார்.

ஒன்பது டின்னையும் எடுத்துக்கொள்வதாகச் சப்ளையரிடம் சொல்லிவிட்டு, ஜெனரேட்டர் ரூமுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"ஒன்பதுன்னா ஆறு மாசம் வரும். தெனம் ஒரு பைப்புன்னு குடிச்சுத் தீத்துடறேன் லோகு. தீந்தா தீந்துது. அத்தோட பைப்பையும் விட்டுடறேன். அவளும் சந்தோஷப்படுவா."

அன்றைக்கு நான் "சரி சார்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம்.

"இன்னா சார் நீங்க! சீல் ஒடைக்காம வெச்சுகினா பத்து வருசம் நிக்கும் சார். ஒயின் ரூம்ல பதினெட்டு டிகிரில வெச்சுடறேன். வேற எதையாவது தெனத்துக்குப் பிடிங்க. இத்த நல்ல நாளு பாத்து ஒண்ணொண்ணா எடுங்க."

அவர் யோசித்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

2. நல்ல நாள்

ஒன்பதுக்கும் பணம் கட்டி, இரண்டு டின்னை உடனே எடுத்துக்கொண்டார். அது ஆறேழு வாரத்தில் தீர்ந்தது. மீதி ஏழு டின்னை நான் ஒயின் ரூமில், மேல் தட்டில், ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி வைத்தேன். எங்கள் பக்கம் உப்புக்காற்று பொல்லாதது. புது ஏ.சி. அவுட்டோர் யூனிட் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து அரித்துப்போகும். டின்னில் ஊசி முனை அளவு துரு ஓட்டை விழுந்தாலும் உள்ளே இருப்பது காய்ந்து தூளாகிவிடும். அதனால் மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, அடிப்பக்கத்தைத் துடைத்து, மெழுகு தடவி வைப்பேன்.

சீஃப் தினத்துக்கு வேறு புகையிலைக்கு மாறினார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "சர்க்கரைப் பாகுல முக்கின வைக்கோல் மாதிரி இருக்கு" என்பார். ஆனாலும் ஏழு டின்னில் கை வைக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் டெம்பரேச்சர் பார்க்கிற சாக்கில் ஒயின் ரூமுக்கு வருவார். ஒரு டின்னை எடுத்துக் காதருகே லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு வைப்பார்.

ஒரு புயலில் மூன்று நாள் ஊர் முழுக்கக் கரன்ட் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று ஜெனரேட்டரை அணையாமல் ஓட்டினார் மனிதர். நூற்றுக்கு மேல் விருந்தாளிகள் உள்ளே இருந்தார்கள். கரன்ட் வந்த அன்று மத்தியானம் நானே ஒரு டின்னை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"இன்னிக்கு ஒடைங்க சார்."

"ஒடம்பெல்லாம் டீசல் நாத்தம். இப்ப பிடிச்சா ருசி தெரியாது. வீணாப் போயிடும். வைப்பா."

அவர் பணி ஓய்வு பெற்ற நாளில் மாலை, கேக், சால்வை எல்லாம் முடிந்து ஸ்டோருக்கு வந்தார். அன்றைக்கு உடைப்பதாக இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டின்னைக் கையில் வாங்கினார். மூடி மேல் கட்டை விரலை வைத்தார். எடுத்துவிட்டார்.

"மனசு ஒரு மாதிரி இருக்கு லோகு. இந்த நாளுக்குப் போய் இதைச் செலவழிப்பானேன்? இன்னும் நல்ல நாள் வரும்."

நானும் அதை ஆமோதித்தேன். ஸ்டோர் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு பொருள் வெளியே போகாமல் தட்டிலேயே இருந்தால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். இந்த வேலையில் அது ஒரு வியாதி. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

புகையிலை டின் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவர் மனைவி சொல்லியிருந்ததால், ஏழு டின்னும் என் பொறுப்பிலேயே இருந்தன. அடுத்த வருடம் நானும் ஓய்வு பெற்றேன். டின்களைத் திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தூக்கில் வைத்து மூடினேன்.

3. மேடம் கேட்ட வாக்கு

சீஃபுக்கு நாக்கின் அடியில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சென்னையில் சதையெடுத்துப் பார்த்துவிட்டு, புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனில் நாக்கில் பாதிக்கு மேல் போனது. புகையிலையை நல்ல பொருள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அது என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

ஆபரேஷன் முடிந்த மாதம், அவர் மனைவி ராஜலட்சுமி மேடம் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி என் வீடு தேடி வந்தார். கணக்கு டீச்சராக இருந்தவர். தண்ணீர் கொடுத்தோம். குடிக்கவில்லை.

"அந்த டின்னெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா மேடம்."

"கடல்ல கொண்டுபோய் வீசிடுங்க."

என் கண் அரிசி டிரம் பக்கம் போனது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"வீச மாட்டீங்க. தெரியும். சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவர் எவ்வளவு கெஞ்சினாலும் உங்க கையால குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. அவருக்கு உங்களை விட்டா கேக்க வேற ஆள் கிடையாது."

"குடுக்க மாட்டேன் மேடம். என் பசங்க மேல சத்தியமா."

அப்புறம்தான் தண்ணீரைக் குடித்தார். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் என் மனைவி சொன்னாள்: "இன்னாத்துக்கு அம்மாம் பெரிய சத்தியம் பண்ணே? நாளைக்கு அந்த மனுசன் கேட்டா இன்னா பண்ணுவே?"

4. கடைசி இன்டென்ட்

எட்டு மாதத்தில் நோய் கழுத்துக்குப் பரவிவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மேடம் போனில் இதை அழாமல் சொன்னார். "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க. உங்களைத்தான் தேடறார்" என்றார்.

கேளம்பாக்கத்தில் நாலாவது மாடியில் அவர்கள் ஃபிளாட். காலை பதினொரு மணிக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். பேச்சு வராது. மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். மேடம் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டார்.

"மருந்து வாங்கணும், கீழ போயிட்டு வரேன். அவசரம் இல்ல, இருந்து பேசிட்டிருங்க."

கதவு சாத்தியதும் சீஃப் தலையணைக்கு அடியில் இருந்து ஒரு நோட்டை எடுத்தார். எழுத நேரம் பிடித்தது. ஆனால் கையெழுத்து பழைய மாதிரியே நேராக இருந்தது.

"ஒரு டின். குடிக்க இல்லை. திறந்து மோந்து பார்த்தால் போதும்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மொதல்ல ஒடம்பு தேறட்டும் சார். அது எங்க போவப்போவுது? பத்திரமாத்தான் கீது. அடுத்த மாசம் நானே எடுத்துகினு வரேன்."

அவர் என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் இருக்க மாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நோட்டை மறுபடி வாங்கி எழுதினார்.

"இன்டென்ட் போடணுமா?"

எழுதிவிட்டு, ரிசார்ட்டில் போடுவது போலவே கீழே கையெழுத்தும் போட்டு, தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. தையல் போட்ட பக்கம் அசையவில்லை.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "பாக்கறேன் சார்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்து மேடம் வந்தார். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மோந்து பார்ப்பதால் இனி என்ன கெட்டுவிடப் போகிறது? சீஃப் கேட்டதைச் சொல்லி, வாக்கு வாங்கிய மேடத்திடமே கேட்டுவிடலாமா? நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தேன். மறுநாள், மேடம் மனசை ஏன் நோகடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கும் மறுநாள் வேறு ஏதோ வேலை. பதினோராம் நாள் போன் வந்தது.

5. மருந்து வீட்டிலேயே இருந்தது

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மேடம் ஏழு டின்னையும் கொண்டுவரச் சொன்னார். தூக்கோடு எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மேடம் ஒரு டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க வந்தப்ப மருந்து வாங்கப் போறேன்னு கீழ போனேன்ல?"

"ஆமாம்மா."

"மருந்தெல்லாம் வீட்லயே இருந்துது. கீழ செக்யூரிட்டி நாற்காலியில சும்மா உக்காந்திருந்தேன். எப்படியும் ஒரு டின் கொண்டு வந்திருப்பீங்கன்னு நெனச்சேன். நான் இருந்தா குடுக்க மாட்டீங்க. அதான் எறங்கிப் போனேன்."

"உங்களுக்குக் குடுத்த வாக்கும்மா..."

"வாங்கினவ நான்தானே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." டின்னை மடியில் வைத்துக்கொண்டு அவரே சொன்னார்: "நானும்தான் சொல்லியிருக்கலாம். மேல வந்து அவர் முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது, நீங்க குடுக்கலைன்னு. உங்களுக்குப் போன் பண்ணலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன். என் வாயால எப்படிச் சொல்றதுன்னு வெச்சுட்டேன்."

பிறகு ஒரு ஸ்பூன் காம்பை மூடியின் விளிம்பில் விட்டு நெம்பினார். உஸ் என்று காற்று போய்ச் சீல் விட்டது. நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். உள்ளே இருப்பது கெட்டுப்போயிருக்க வேண்டும். பூஞ்சை பிடித்து, தூளாகி, எதற்கும் ஆகாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கொடுத்திருந்தாலும் பயனில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கெடவில்லை. கறுப்பும் பழுப்புமாக, அடை அடையாக, ஈரப்பதம் மாறாமல் இருந்தது. அத்திப்பழமும் பழைய தோலும் கலந்த மாதிரி அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. படகுகள் பக்கம் நாலு மணிக்கு வீசும் அதே வாசனை. ஸ்டோர்காரனாக என் வேலையில் ஒரு குறையும் இல்லை.

மேடம் டின்னை முகத்தருகே கொண்டுபோய் ஒரு முறை மூச்சை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூடியை அழுத்திச் சாத்தி என்னிடம் தந்தார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க லோகநாதன். எல்லாத்தையும்."

அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தாலும் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறார். டின்கள் என் வீட்டில் இருக்கின்றன. திறந்தது காய்ந்துவிட்டது. மற்ற ஆறையும் வீசவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. இப்போதெல்லாம் அடியில் மெழுகு தடவுவதில்லை. துரு பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதிதாக ஸ்டோர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் ஒன்றை எழுதித் தரும்படி ரிசார்ட்டில் கேட்டார்கள். பொருளை எப்படிக் கெடாமல் வைப்பது என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், நன்றாகவே கற்றுக்கொண்டேன். நான் சொல்ல வேண்டியது வேறு. ஒருவர் உங்கள் முன்னால் உட்கார்ந்து ஒன்றைக் கேட்டால், அன்றைக்கே கொடுங்கள். கொடுக்க முடியாத காரணம் இருந்தால், அதைச் சொல்லி, யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் அன்றைக்கே போய்க் கேளுங்கள். நான் நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். இதைத் தெரிந்துகொண்டதால் எனக்கு இப்போது எந்தப் பயனும் இல்லை.