போனக்காட்டில் திறக்காத ஆப்

ஆவணக் காப்பக வேலை என்றால் பழைய பொருளுக்குக் காவல் இருப்பது என்று நினைக்கிறார்கள். அந்தப் பொருளை நாலு பேரிடம் கொண்டு சேர்க்க எந்தக் கருவி சரிப்படும் என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. அலுவலகத்துக்கு சாஃப்ட்வேர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கியவர்களுக்கு என் கதை புரியும். திருவனந்தபுரத்தில் எங்களுடையது சின்னக் காப்பகம். மலைமேல் இருக்கும் போனக்காடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஒருகாலத்தில் பாடியதும் பேசியதும் எங்களிடம் ஒலிநாடாக்களாக இருக்கின்றன. அவற்றை மக்கள் கேட்க வழி செய்வது என் பொறுப்பு.

பனி மூட்டம்

கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனி ஒன்றிலிருந்து அனூப் ஓர் ஆப்போடு வந்தார். தொட்டால் தேயிலை துளிர்த்தது, திரை முழுக்கப் பனி நகர்ந்தது. பாட்டு மட்டும் வரவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"லோட் ஆகுது மேடம். அதுவரைக்கும் பனியைப் பாருங்க, நல்ல ரசம் அல்லே?" அழகாக இல்லையா என்பதை மலையாளத்தில் கேட்கிறாராம்.

மேலே போய்ப் பார்த்தோம்

கேட்கப் போகிறவர்கள் இருக்கும் இடத்திலேயே சோதிப்போம் என்று அனூப்பை போனக்காட்டுக்குக் கூட்டிப் போனேன். தொழிலாளர் குடியிருப்பில் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அங்குமிங்கும் நடந்தார். செல்வி வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். எங்கள் நாடா ஒன்றில் பாடியிருப்பவர் அவளுடைய இறந்துபோன அம்மா.

"சிக்னல் வேணும்னா பஸ் ஏறி கீழ விதுரை டவுனுக்குப் போகணும் சார். அங்க போனா நான் சாமான் வாங்குவேனா, பாட்டு கேப்பேனா?"

இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். ஆப் வேண்டாம், ஒரு மெமரி கார்டு, அதைச் செருகிக் கேட்க ஒரு ஸ்பீக்கர். அனூப்புக்கு முகம் வாடிவிட்டது.

"மெமரி கார்டா? எங்க ஆபீஸ்ல சிரிப்பாங்க மேடம்!"

முதலில் அவள் கேட்டாள்

ஊருக்குக் கொடுக்கும் முன் செல்வியைக் காப்பகத்துக்கு வரவழைத்து, தனியாகக் கேட்கவைத்தேன். பாட்டு முடிந்ததும் அம்மா பேச ஆரம்பிக்கிறார். புருஷனிடம் பட்ட அடியைச் சொல்லி அழுகிறார். செல்வி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஆராய்ச்சிக்கு முழு நாடாவும் வேண்டும் என்றார் எங்கள் இயக்குநர். அவள் சம்மதிக்காமல் முடியாது என்று நான் அசையவில்லை. கடைசியில் அவர் இறங்கி வந்தார். பேச்சைத் தனியாகப் பிரித்து, அதற்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தது அனூப்தான்.

"பாட்டை ஊருக்கே போடுங்க மேடம். அம்மா அழுதது என்னோட இருக்கட்டும்."

முதல் புகார்

கார்டும் ஸ்பீக்கரும் மேலே போய்ச் சேர்ந்தன. சில நாளில் விதுரையிலிருந்து செல்வி போன் செய்தாள். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"கார்டுல இடம் இருக்குல்ல மேடம்? அம்மா ஒரு வரியத் தப்பாப் பாடுது. நான் சரியாப் பாடுறேன், அதையும் ஏத்துங்க."

நல்ல தொழில்நுட்பம் எது என்று கேட்டால், பாடியவரிடமே தப்புக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தெளிவாகக் கேட்கிற எதுவும் என்பேன்.