போறணைக்குள் ஒரு பச்சை நூல்

நோன்பு காலத்தில், பட்டப்பகலில், எங்கள் வீட்டிலிருந்து பாண் ரொட்டி வாட்டும் வாசம் வேலி தாண்டிப் போனது. பக்கத்து வளவில் இருந்த என் ராத்தா, அதுதான் உங்கள் பெரிய மாமி, அங்கே நின்றே சத்தம் போட்டார்.

"என்ன புள்ள, நோம்பு புடிச்ச ஊட்டுல பாண் வாசம் வருகுது? தம்பி நோம்ப விட்டுட்டானா?"

"இல்ல மதினி, உங்கட தம்பி பாண வச்சிச் சோதினை பாக்காரு" என்றார் உங்கள் உம்மா.

"பாணுக்குச் சோதினையா? அல்லாஹ்வே! வெயில் தலைக்கு ஏறிட்டுப் போல."

பிள்ளைகளே, நீங்கள் அப்போது சின்னவர்கள். அந்தச் சோதனை ஏன் வந்தது என்பதை இப்போது எழுதி வைக்கிறேன்.

உங்கள் உம்மாவின் காக்கா, உங்கள் மாமா, குவைத்தில் லொறி ஓட்டினார். முதல் லீவில் வந்தபோது தங்கச்சிக்கு ஒரு மின்சாரப் போறணை கொண்டு வந்தார். அதுவரைக்கும் போறணை என்றால் எங்களுக்குப் பேக்கரியில் விறகு போட்டு எரிக்கும் பெரிய அடுப்புத்தான். இது ஒரு டிரங்குப் பெட்டி அளவு. முன்னால் கண்ணாடிக் கதவு, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், ஒரு சிவப்பு லைற். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கடையே இருந்தது. சாரி, அத்தர், பால்மா, உங்களுக்குச் சட்டைகள், எனக்கு ஒரு பச்சைத் தொழுகை விரிப்பு. "வெறும் பெட்டிக்கா கூலி குடுக்குற, மச்சான்?" என்று மாமா சிரித்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு வாளி வந்தாலும் வெறும் வாளியாக வராது.

அதில் சுட்ட முதல் கேக், மேலே கரி, உள்ளே கூழ். இரண்டாவதும் அப்படியே. முட்டையைக் குறை சொன்னோம், மாவை மாற்றினோம். மூன்றாவதை ராத்தா கத்தியால் குத்திப் பார்த்துவிட்டு, "கேக்குக்கு எண்டு ஒரு கை வேணும் புள்ள. ஒனக்கு அந்தக் கை இல்ல" என்றார். கெட்ட மனத்தோடு சொல்லவில்லை, அவர் பேச்சு அப்படி. ஆனால் அன்றிலிருந்து உங்கள் உம்மா புட்டுக்கு மாக் குழைக்கும்போதும் இடையில் நிறுத்தித் தன் உள்ளங்கையைப் பார்ப்பார். நான் அதைக் கண்டேன்.

நோன்பு தொடங்கிய பிறகு, மாமா பெருநாளைக்கு வருகிறார் என்று செய்தி வந்தது.

"காக்கா வந்தா அவர்ர போறணையில சுட்ட கேக்கத்தான் கேப்பாரு" என்றார் உம்மா. "இஞ்ச பாருங்க, பிழை என்ட கையா, இந்தப் பெட்டியா எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்க. கைதான் எண்டா நான் இனி அதத் தொட மாட்டன்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாய்ந்தமருதில் ஐஸ் ஆலையில் மீன்காரர்களுக்குக் கட்டி நிறுத்துக் கொடுப்பது என் வேலை, இயந்திரம் பார்ப்பதல்ல. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கையா, பெட்டியா? அப்படியென்றால் கையே படாத ஒன்றை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். பாண் துண்டுக்கு எவருடைய கைராசியும் வேண்டாம் அல்லவா?

முதலில் கரண்டைத்தான் சந்தேகித்தேன். மாலையில் ஊரெல்லாம் லைற் போட்டால் எங்கள் பல்ப் மங்கிப் போகும். ஆனால் யோசித்துப் பார்த்தால், கரண்ட் குறைந்தால் சூடும் குறைய வேண்டும், கேக் வேகாமல் வெளுத்துக் கிடக்க வேண்டும். எங்கள் கேக் கருகியது. ஆகவே அது இல்லை.

ஆலை பூட்டியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போய் வந்த பிறகு குமிழை ஆகக் குறைவில் வைத்து ஒரு பாண் துண்டை உள்ளே வைத்தேன். நேரக் கணக்குக்கு உம்மா பக்கத்தில் இருந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஒரு தரம் ஓதி முடித்தார். துண்டு கறுத்திருந்தது. பெட்டியை ஆறவிட்டு, குமிழை ஆகக் கூட்டி, இன்னொரு துண்டு வைத்தேன். இன்னொரு யாசீன். அதுவும் அதே கறுப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதென்று எனக்கே தெரியவில்லை. அந்த வாசத்துக்குத்தான் ராத்தா சத்தம் போட்டது.

"அப்ப இந்தக் குமிழ் என்னத்துக்கு?" என்றார் உம்மா.

"அதுதான் எனக்கும் விளங்கல்ல. அந்தச் சிவப்பு லைற்றப் பாத்தியா? ஒருக்காலும் அணையல்ல. சூடு போதும் எண்டு பெட்டிக்குத் தெரியாது போல."

"அதுக்கு எப்பிடித் தெரியும்? உள்ளுக்க கண்ணா இரிக்கி?" என்றவர், கதவுக்குள் கையைக் காட்டி, "உள்ளுக்குச் சுவர்ல ரெண்டு கிளிப் சும்மா கிடக்கே, அது என்னத்துக்கு? துடைக்கக்குள்ள கண்ட நான்" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஒரு பென்சிலைப் பிடிக்கும் அளவில் இரண்டு கிளிப். பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. பிடிக்க வேண்டிய பொருள்தான் இல்லை.

அப்போது ஐஸ் ஆலையில் கண்டது நினைவுக்கு வந்தது. மெக்கானிக் ஒருவர் குளிர்ப் பெட்டிக்குள்ளிருந்து வால் போன்ற ஒரு செப்புக் குழாயை எடுத்து அதன் நுனியை உள்ளங்கையில் பொத்தினார். கைச்சூடு பட்டதும் நின்றிருந்த மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. சூடா குளிரா என்று இயந்திரம் அறிவது அந்த நுனியால்தான். இதற்கும் அப்படி ஒரு நுனி இருக்க வேண்டுமே, அது எங்கே?

பிளக்கைக் கழற்றி, பெட்டி நன்றாக ஆறிய பின் பின்பக்கத் தகட்டைத் திறந்தேன். உள்ளே சூடு வெளியே வராமல் இருக்கப் பஞ்சு மாதிரி ஒன்று அடைத்திருந்தது. அந்தப் பஞ்சுக்குள் செப்பு வால் சுருண்டு கிடந்தது. ஓட்டை வழியாகப் பின்னால் தள்ளுப்பட்டு வந்திருக்கிறது. அடுப்பு உள்ளே எரிய, இது வெளியே குளிரில் கிடந்தால், பெட்டி "இன்னும் சூடு போதாது" என்று எரித்துக்கொண்டேதானே இருக்கும்! அதன் கழுத்தில் ஒரு பச்சை நூல் சுற்றியிருந்தது. இது எங்கிருந்து வந்தது? விளங்கவில்லை. நூலைச் சட்டைப் பையில் போட்டேன்.

"வால் பழுதா நல்லதா எண்டு பாக்கணும். கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா."

உம்மா கேத்தலோடு வந்து ஒரு கோப்பையில் ஊற்றினார். பிளக் இல்லாமலேதான், குமிழை ஆகக் குறைவில் வைத்து, நுனியைச் சுடுதண்ணீருக்குள் விட்டேன். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

டிக்.

"கேட்டயளா?" என்றார் உம்மா. எனக்கு முன்பே அவருக்குக் கேட்டுவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் விட்டோம். மறுபடியும் டிக். அவரே கோப்பையை மாற்றி மாற்றி வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாலை ஓட்டை வழியாக உள்ளே விட்டு, இரண்டு கிளிப்பிலும் மாட்டி, தகட்டைப் பூட்டினேன். அதற்குள் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிட்டது. பச்சை விரிப்பை விரித்துத் தொழுதேன். சுஜூதில் நெற்றியை வைக்கப் போகும்போது கண்ணில் பட்டது. விரிப்பின் ஓரக் குஞ்சத்தில், மூலையில், ஒரு கொத்து இல்லை. தொழுகையில் சிரிக்கக் கூடாது, பிள்ளைகளே. நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் பையிலிருந்த நூலை எடுத்து அந்த மூலையில் வைத்தேன். அதே பச்சை. மாமா இந்த விரிப்பை உள்ளே திணித்தபோதுதான் அது வாலைக் கிளிப்பிலிருந்து கழற்றி ஓட்டைக்குள் தள்ளியிருக்கிறது.

பெருநாளுக்கு முதல் நாள் மாமா வந்து இறங்கினார். நோன்பு திறந்த பிறகு உம்மா கேக்கை வெட்டி வைத்தார். பொன் நிறம், உள்ளே பஞ்சு போல. ராத்தா ஒரு துண்டு தின்று, இன்னொரு துண்டு எடுத்தார். மாமாவின் பீங்கான் தட்டில் மட்டும் கேக்குக்குப் பக்கத்தில் பச்சை நூல் இருந்தது.

"இது என்ன தங்கச்சி?"

"நீங்க போறணைக்குள்ள அடைச்சு அனுப்பின சாமான் காக்கா. எல்லாத்தையும் எடுத்த நாங்க, இத மட்டும் எடுக்கல்ல."

நான் நடந்ததைச் சொன்னேன். ராத்தா மென்றுகொண்டே கேட்டார்: "அப்ப கை சரியில்லாதது ஆருக்கு?"

"மூட்டை கட்டினவருக்கு மதினி" என்றார் உம்மா. அப்போது உம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மாமா எழுந்து போய், இந்த முறை கொண்டு வந்த கிரைண்டரின் மூடியைத் திறந்து, உள்ளே அடைத்திருந்த பேரீச்சம்பழப் பைக்கற்றுகளை இழுக்கத் தொடங்கினார்.

"இழுக்காதீங்க காக்கா, கொஞ்சம் தள்ளி இரிங்க" என்று உம்மா பக்கத்தில் போய்க் குந்தினார். "என்ட கையால எடுக்கிறன்."