உயிலுக்கு இரண்டாவது சாட்சி

நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குத் தாவுகிறவன் நான். அப்படிப்பட்டவனைப் பார்த்து, விலங்குகள் காப்பகத்தில் மூன்று கால் நாய் ஒன்று வேலிக்கு உள்ளிருந்து வாலாட்டியது. அதன் அன்பில் விழுந்துவிட்டேன். எனக்குப் பின் திருவானைக்காவல் வீடு அந்தக் காப்பகத்துக்கு என்று உயில் எழுதினேன். ஒரே மகளிடம் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை.

ஸ்ரீரங்கம் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஆதார் அட்டையை மறந்துவிட்டுப் போன மகாபுத்திசாலி நான். கொண்டுவந்து கொடுத்த மகள், மேஜையிலிருந்த உயிலைப் படித்துவிட்டாள்.

“ஏம்ப்பா, நாய்க்கா வீடு? குட்டி நாய் வந்தாலே ஸ்கூட்டர் மேல ஏறி நிப்பீங்களே!”

“உயிரோட இருக்கறப்ப கிட்ட போக முடியலம்மா. அப்புறம் கடிக்காதுல்ல?” என்று அசடு வழிந்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, “ரெண்டாவது சாட்சி இன்னும் வரலையே சார். சொத்து வாங்கறவங்க மட்டும் சாட்சி போடக்கூடாது” என்றார் பத்திரம் எழுதுபவர்.

“எனக்குத்தான் இதுல ஒண்ணுமே இல்லையே. நான் போடறேன், பேனா குடுங்க” என்றாள் மகள்.

தன் பெயருக்கு முன்னால், இனிஷியலாக என் பெயரின் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டாள். இப்படி ஒருத்தியைப் பெற்றவன் என்று நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தேன். வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.