தாய்மாமன் தட்டில் பூசணிக்காய்

கல்யாணச் சீர்தட்டு அலங்கரிக்கிற தொழிலில் ஜிகினாவும் பசையும் சுலபம், சொந்தபந்தம்தான் கஷ்டம். இதே வேலையில் சூடான பசையில் விரலைச் சுட்டுக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா? கடல் கடந்து வந்து குடியேறிய தகனினி என்ற ஊரில் எங்கள் வீட்டுக் கராஜ்தான் என் பட்டறை. அடுக்கி வைத்த தட்டிலிருந்து ஆப்பிளை எடுத்துக் கடிப்பது என் மூன்று வயது மகளின் வேலை.

தொடக்கூடாத ஐந்து

பக்கத்து ஊரான பாபடோயிட்டோயில் இருக்கும் செல்வி அக்கா, மகள் கல்யாணத்துக்குப் பதினொரு தட்டு கேட்டார். ஆறு என் பொறுப்பு. மீதி ஐந்து தாய்மாமன் சீர். ஊரில் ஈரோட்டுப் பக்கமிருந்து அக்காவின் ஒரே அண்ணன், தன் காட்டில் விளைந்த மஞ்சளும் தேங்காயும் கொண்டுவருகிறாராம். "அதையும் நானே அழகா அடுக்கிடறேங்க்கா" என்றேன்.

"அந்த அஞ்சுல நீ கை வச்சே, எங்கண்ணன் அடுத்த பிளேன்லயே திரும்பிருவாரு!"

ஏர்போர்ட்டோடு நின்றது

முளைக்கிற எதையும் ஏர்போர்ட் சோதனையில் இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அண்ணனுக்கோ ஒளிக்கத் தெரியாது. கேட்டதும் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிவிட்டார். மஞ்சளும் தேங்காயும் அங்கேயே குப்பைத்தொட்டிக்குப் போயின. கல்யாணத்துக்கு இரண்டே நாள். கடையில் கிவியும் திராட்சையும் வாங்கி, ஐந்து தட்டையும் ஜோடித்து அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு தட்டாகத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது அம்மிணி. என்னோட தட்டு எங்க?"

புகேகோஹே தோட்டத்தில்

அவர் தட்டில் வைக்க ஏதாவது கிடைக்குமா என்று மறுநாள் காலை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு புகேகோஹே தோட்டங்கள் பக்கம் போனேன். ஒரு பஞ்சாபிக்காரர் வயலில் பூசணி அறுவடை. என் அரைகுறை இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். தாய்மாமன் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது, அவர்களிடமும் அந்த முறை உண்டாம். சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. குளிருக்குப் போட்டிருந்த என் வீட்டுக்காரரின் ஜாக்கெட்டுக்குக் கீழே வேட்டியை மடித்துக் கட்டி, மத்தியானம் வரைக்கும் காய் அறுத்துச் சுமந்தார். அப்புறம்தான் ஐந்தைத் தட்டிப் பார்த்து எடுத்தார்.

"சும்மா வாங்குனா அது அவரு செய்யற சீரு அம்மிணி. இப்பத்தான் என்னுது."

மண்டபத்தில்

காயிலிருந்த மண்ணைக்கூட அவர் துடைக்க விடவில்லை. வரிசை உள்ளே நுழைந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டார்: "என்ன சம்பந்தி, பூசணிக்காயா? திருஷ்டிக்கு உடைக்கவா?" அண்ணன் முகம் சுருங்கிப்போனது. எனக்குத் தட்டோடு ஓடிவிடலாம் போலிருந்தது. செல்வி அக்கா முதல் தட்டை அண்ணன் கையிலிருந்து வாங்கிக் கண்ணில் ஒற்றி, மணமேடையில் நட்டநடுவே வைத்தார்.

"உடைக்கறதுக்குக் கடையில வாங்கிக்கலாங்க சம்பந்தி. இது எங்கண்ணன் தோள்ல சுமந்த சீருங்க."

ஜிகினா ஒட்டத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள், ஆனால் எந்தத் தட்டில் ஒட்டக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்குள் பாதி ஆயுசு போய்விடுகிறது.