செவலைக்கு வைத்த தவிடு

கல்யாணமாகிக் கோட்டாற்றுக்கு வந்தபோது அந்த வீட்டில் எனக்கு முன்பே ஒருத்தி இருந்தாள். அவள் ஒரு குதிரை. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. என் வீட்டுக்காரர் அவளை வண்டியில் பூட்டிக் கன்னியாகுமரிக்கு ஆள் ஏற்றிப் போவார். ரோட்டில் மோட்டார் பஸ் அப்போதுதான் ஒன்றிரண்டு ஓடத் தொடங்கியிருந்தது. ஆனாலும் செவலையின் நடைக்காகவே எங்கள் வண்டியைத் தேடி வருகிறவர்கள் இருந்தார்கள்.

வந்த முதல் மாதமே அவளுக்குத் தீனி வைக்கிற வேலையை என் கைக்கு எடுத்துக்கொண்டேன். அதுவரை அவர் கொஞ்சம் காணம் அவித்து வைத்துவிட்டு, பிறகு புல்லில் கட்டிவிடுவார். காணம் என்றால் கொள்ளு, எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எனக்கு அது பற்றாது என்று தோன்றியது. நான் வயல் உள்ள வீட்டில் பிறந்தவள். நெல் குத்துவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்ல இருந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் உலக்கையில் விழுகிற தவிடு மாவு போல இருக்கும், வாயில் போட்டால் இனிக்கும். அதைக் காணத்தோடு சேர்த்து, கஞ்சித்தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூன்று வேளையும் வைத்தேன். வயிறு நிறைந்துவிட்டால் புல்லை எங்கே தின்பாள்? அவள் தொட்டியை நக்கித் துடைப்பதைப் பார்த்து நிற்பதே நான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

ஒரு வருடத்தில் அவள் முகம் இரண்டு பக்கமும் புடைத்து வந்தது.

"உன் கைச்சோத்துல மாப்பிளைக்குக் கன்னம் வைக்கல்ல. குதிரைக்குத்தான் வச்சிருக்கு!" என்று பக்கத்து வீட்டு மதினி கேலி செய்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் நடை கெட்டது. இன்று முன்கால் நொண்டும், நாளைக்குப் பின்கால். காணத்தை மெல்ல முடியாமல் வாயிலிருந்து உதிர்த்தாள். சுசீந்திரம் பக்கத்தில் ஒருநாள் சவாரியோடு போகும்போதே முழங்கால் மடிந்து விழுந்துவிட்டாள். நல்லவேளை, வண்டியிலிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்காரர் அன்றைக்குச் சோறு தொடவில்லை. "அடுத்த அறுப்புக்குள்ள கால் நேராகல்லன்னா செங்கச்சூளைக்காரன்கிட்ட குடுத்திரணும், ஏட்டி. வேற வழியில்ல" என்றார். சூளைக்குப் போன குதிரை எதுவும் நெடுநாள் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் லாடம் அடிக்கிற சாயபுவைக் கூட்டிவந்தார். சாயபு குளம்பைப் பார்க்கவே இல்லை. செவலையின் முகத்தைத்தான் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"என்னக்கா குடுக்கிய?"

"காணமும் தவிடும். என் கையால குத்துன தவிடு."

"நெல்லு வெளையுத ஊர்ல குதிரைக்கு வாற சீக்கு இது. தவிடு ஏற ஏற எலும்பு இத்துப்போவும். வாரிக் குடுத்தே கெடுத்திருக்கிய. தவிட்ட நிறுத்துங்க."

"லாடம் அடிக்கியவருக்கு அடுக்களைக் காரியமும் அத்துப்படியோ?" என்றேன். என் வீட்டுக்காரர் குனிந்து வண்டிச் சக்கரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கோபத்தில் மூன்று நாள் பழையபடியே வைத்தேன். நான்காம் நாள் காலையில் தண்ணீர் காட்டப் போனால், செவலை லாயத்துச் சுவரை நக்கிக்கொண்டு நிற்கிறாள். வெள்ளையடித்த சுவர். அவள் நாக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் சுண்ணாம்பு போய் மண் தெரிந்தது. ஒரு நாளில் நக்கியது அல்ல அது. எத்தனை மாதமாக நக்கினாளோ, தினமும் மூன்று வேளை அங்கே போன என் கண்ணில் படவில்லை.

அவள் எலும்பு சுண்ணாம்பு கேட்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. சுவருக்கு அடித்தது சிப்பி சுட்ட சுண்ணாம்பு. சுவரில் காய்ந்ததை நக்கலாம், சுட்டதை அப்படியே கொடுத்தால் வாய் வெந்துபோகும். அதனால் கடற்கரையிலிருந்து சுடாத சிப்பி ஒரு பெட்டி கொண்டுவரச் சொன்னேன். கழுவிக் காயவைத்து, உரலில் போட்டு இடித்து, பழைய சேலைத் துணியில் சலித்தேன். தவிட்டை ஒரு கைப்பிடியாகக் குறைத்தேன். வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து அகத்தித் தழை வரவழைத்துப் புல்லோடு போட்டேன். காணத்தில் சிப்பிப் பொடியும் கொஞ்சம் கருப்புக்கட்டியும் கலந்து வைத்தால் முகம் சுளிக்காமல் தின்றாள். ஆனால் தின்று முடித்ததும் தவிடு கேட்டு என் தோளை முட்டுவாள். "போதும் மக்கா, போதும்" என்று கழுத்தைத் தடவிவிட்டு வந்துவிடுவேன். திரும்பிப் பார்த்தால் மனசு கேட்காது.

அறுப்புக்கு முன்னாலேயே கால் நேராகிவிட்டது. முகம் மட்டும் புடைத்தது புடைத்தபடி நின்றுவிட்டது. நொண்டாமல் கன்னியாகுமரி போய்த் திரும்பிய அன்று அவர் வண்டியை அவிழ்க்காமலே என்னைக் கூப்பிட்டு, நாலு காலையும் பார்க்கச் சொன்னார். சூளைக்காரன் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

அடுத்த லாடத்துக்கு வந்த சாயபு அவளை நடக்கவிட்டுப் பார்த்தார். "தவிட்ட நிறுத்தியாச்சு, இல்லியாக்கா?"

"யாரு நிறுத்துனா? நான் சிப்பியத்தானே கூட்டுனேன்" என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது, வெளியே போய் இருமினார். சாயபு குளம்பைத் தூக்கிச் சீவத் தொடங்கினார். வேலை முடிந்ததும் அவருக்குக் காப்பி கொடுத்தேன். கேட்காமலே இரண்டாவது தம்ளரும் கொடுத்தேன்.