அரிசி டிரம்மில் திராட்சை சோடா

சோம்பலில் இதை எழுதாமலே விட்டிருப்பேன். நேற்று அடையாறு கடையில் ஒருவன் சோடா மூடியைப் புஸ்ஸென்று திறந்ததும், தொண்ணூறுகளின் மயிலாப்பூர் வீட்டுக்குள் போய் விழுந்தேன்.

அப்பா குடியை விட்டிருந்த நேரம். நானும் பக்கத்து வீட்டுக் குமாரும் பன்னீர் திராட்சையைப் பிழிந்து, சர்க்கரை போட்டு, சோடா மாதிரி பொங்கட்டும் என்று அப்பாவின் பழைய பாட்டிலில் அடைத்து, அரிசி டிரம்மில் புதைத்தோம். மூன்றாம் நாள் அது அம்மா கையில் சிக்கியது. மூடியைத் திறந்தால் புளித்த வாசனை.

"கபாலி மேல சத்தியம் பண்ணிட்டு மறுபடியுமாய்யா?"

"நான் இல்லம்மே!"

அப்பா முழித்த முழியில் எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

"குடிக்காமயே குடிகாரன்னா, குடிச்சிட்டே வர்றேன் போ!"

கிளம்பிப் போனவர், சாகும்வரை நிறுத்தவில்லை.

எழுதியதைக் குமாருக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

"உங்கம்மா உயிரோடதான கீது, எனக்கு ஏன்டா அனுப்புற?"