யாங்கோன் பியர்க் கடையில் ஒரு முத்தம்

யாங்கோன் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் பெரிய பியர்க் கடை. கல்யாண மண்டபம் போன்ற கூடத்தில், திரையில் ஓடும் கால்பந்துக்கு எல்லோரும் கத்துகிறார்கள். முதல் கிளாஸ் எனக்குத் தலைக்கேறிவிட்டது. இரண்டாவதுக்காகக் கை தட்டுகிறேன், "தம்பி!" என்று கூவுகிறேன். ஒருவரும் திரும்பவில்லை.

பக்கத்து மேசையில் இதே ஊரின் தாமுவே பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர், கோ செல்வம். 'கோ' என்றால் பர்மிய மொழியில் அண்ணன்.

"அண்ணே, இங்க கூப்பிட்டா வரமாட்டாங்க. முத்தச் சத்தம் குடுக்கணும். எல்லாக் கடையிலயும் அதான் பழக்கம்" என்கிறார்.

அவர் உதட்டைக் குவித்து "இச்" என்கிறார். உடனே அவர் மேசைக்குப் பியர் வருகிறது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. குனிந்து இரண்டு முறை பழகிப் பார்க்கிறேன். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து மனைவி அழைக்கிறாள். போனைக் காதில் வைத்தபடியே, கூடத்தைப் பார்த்து ஓங்கி ஒரு "இச்!"

மூன்று பணியாளர்கள் மூன்று பக்கமிருந்தும் ஓடி வருகிறார்கள். சந்தோஷத்தில் நான் நாற்காலியை விட்டே எழுந்து குதிக்கிறேன்.

"யாருக்குங்க அது?" என்கிறாள் மனைவி.

நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். கோ செல்வம் உதவிக்குப் போனை வாங்கிக்கொள்கிறார்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. அண்ணன் இப்பத்தான் பழகுறாரு. ஒரே முத்தத்துக்கு மூணு பேரு வந்துட்டாங்க!"